காகிதச் சூப்புப் பானை

சூப்பு என்பது தென்சீனக் குவாங்டாங் மக்களின் மனசாட்சி. நான்கு மணி நேரம் கொதிக்காத பாசம் பாசமே அல்ல. ஹாங்காங்கின் அந்த இறுதிச்சடங்கு மண்டபத்தில் அத்தை இப்படித்தான் முழங்கிக்கொண்டிருந்தாள். அத்தை கடைசியாக அடுப்பில் பானை ஏற்றி இருபது வருடம் இருக்கும்.

"மூணு வாரமா, தினமும் டாங்குவாய் வேர் போட்டுக் கோழிச் சூப்பு! எங்கண்ணனுக்குக் கிடைச்ச மாதிரி மக யாருக்குக் கிடைப்பா?"

அந்த மகள் லாய்யிங் தலை நிமிரவில்லை. மேலுலகத்தில் அப்பாவுக்குப் போய்ச் சேரட்டுமென்று எரிக்கத் தம்பி விங்ஹோ வாங்கி அடுக்கியிருந்த காகிதச் சாமான்களில், காகிதக் காருக்கும் காகித வேலைக்காரனுக்கும் நடுவே ஒரு சூப்புப் பானை. வெறும் காகிதம்தான். ஆனாலும் வேரின் வாசம் வந்தது. நான்கு நாளாக எல்லாவற்றிலிருந்தும் வருகிறது, அவள் தலைமுடியிலிருந்தும்.

இதய வால்வு மாற்றியபின் அப்பாவுக்கு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை. "நாட்டு மருந்து ஏதாவது குடுக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். "இல்லவே இல்ல" என்றாள். மருந்தென்றால் கறுப்பாக, கசப்பாக இருக்கும். கோழி மிதந்தால் அது சூப்பு. உப்பைக் குறைக்கச் சொன்னார். அவள் அடியோடு நிறுத்தினாள். அதில் பெருமை வேறு.

மூளையில் ரத்தம் கசிந்து அப்பா நினைவில்லாமல் கிடந்த அன்று, அவள் கொண்டுபோன குடுவையை நர்ஸ் திறந்து முகர்ந்தாள்.

"டாங்குவாயாக்கா? அந்த மாத்திரையோட இதுவும் சேர்ந்தா ரத்தம் நிக்…" மூடியைத் திருகி, மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"அக்கா, பானைய நீயே நெருப்புல போடு" என்றான் விங்ஹோ.

"அத மட்டும் விட்டுருடா."

"ஏன்? அங்க அவருக்கு யாரு வச்சுக் குடுப்பா?"

சொல்லிவிடலாம். வாயைத் திறந்தாள். படத்திலிருந்து அப்பா பார்த்தார்; கிண்ணத்தின் முன் உட்கார்ந்து, "ஒரே ஒரு சிட்டிகை போடேன், கண்ணு" என்று தினமும் கெஞ்சிய அதே முகம்.

அவள் கைப்பையிலிருந்து சின்னச் சின்னப் பொட்டலங்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் கிழித்துப் பானைக்குள் கொட்டினாள்.

"என்னக்கா அது?"

"உப்பு."

பானையைத் தீயில் வைத்தாள். உப்பு படபடவென்று வெடித்தது.

அந்தப் பதினோரு பொட்டலங்களும் அப்பாவின் கோட்டுப் பையில் கிடைத்தவை. எல்லாம் வீட்டுக் கீழ்த்தளத்துச் சாப்பாட்டுக் கடையில் அவர் கேட்காமல் எடுத்தவை.