சட்டைப்பையில் ஒரு கரண்டி

மாத்தளையில் எந்தச் சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தாலும் என் அப்பா ஆறுமுகநாதன் முதலில் பார்ப்பது சாப்பாட்டை அல்ல, கரண்டியை. வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். காய்ந்த பருப்பு ஒரு துணுக்கு ஒட்டியிருந்தால் போதும், தன் கந்தோர் மேசையில் பிழையான விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பும் அதே முகத்தோடு கரண்டியையும் திருப்பி அனுப்புவார். மூன்று வருடமாக அதுவும் போதவில்லை. வீட்டிலிருந்தே ஒரு கரண்டியைக் கொதிநீரில் போட்டெடுத்து, சட்டைப்பையில் பேனாவுக்குப் பக்கத்தில் செருகிக்கொண்டு புறப்படுவார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன் அதை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுப்பான். யுத்தத்துக்குள் ஊரெல்லாம் அடையாள அட்டையைக் காட்டித் தப்பித்துக்கொண்டிருந்த தொண்ணூற்றாறாம் ஆண்டில், என் அப்பா கரண்டியைக் காட்டிக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் எனக்கு முப்பத்திரண்டு வயது. மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. நாலாவதாக, கண்டியிலிருந்து இராஜசிங்கமும் அவர் தாயார் சரோஜினிதேவியும் என்னைப் பார்க்க அம்மன் கோயிலுக்கு வந்தார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவரைப் பிடித்துப்போனது. இது மட்டும் கெட்டுவிடக் கூடாதென்று அங்கேயே வேண்டிக்கொண்டேன்.

கும்பிட்டு முடிந்ததும் பழனிமுத்துவின் சைவக் கடையில் உட்கார்ந்தோம். கேசரி வந்தது. அப்பா தன் கரண்டியை உருவினார். அதோடு நின்றாரா? மாப்பிள்ளையின் தாயார் கையிலிருந்த கடைக் கரண்டியையும் வாங்கி, முகம் துடைக்கும் தன் லேஞ்சியால் துடைத்துக் கொடுத்தார்.

“இவங்கள் கழுவிறதெல்லாம் ஒரு கழுவலே? இப்ப பயமில்லாமல் சாப்பிடுங்கோ.”

அந்த அம்மா லேஞ்சியையும் கரண்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீரோடு நிறுத்திக்கொண்டார். இராஜசிங்கம் சத்தமில்லாமல் கையாலேயே கேசரியைச் சாப்பிட்டார். எனக்கு மேசைக்கு அடியில் போய் ஒளியலாம் போலிருந்தது.

புறப்படும்போது அப்பா தன் கரண்டியைத் துடைத்துப் பைக்குள் வைத்ததைப் பழனிமுத்து கண்டுவிட்டார்.

“ஐயா, கரண்டிய வச்சிட்டுப் போங்க. இப்பிடித்தான் மாசம் நாலு காணாமப் போகுது.”

“என்ன கதைக்கிறீர்? இது என்ரை வீட்டுக் கரண்டி! உம்மடை ஊத்தைக் கரண்டி எனக்கு என்னத்துக்கு?”

“நம்ம கரண்டின்னா காம்புக்குப் பின்னால ‘ப.மு.’ன்னு வெட்டியிருக்கும். திருப்பிக் காட்டுங்களேன்.”

கடை முழுக்கப் பார்க்கட்டும் என்று அப்பா கரண்டியைத் திருப்பித் தூக்கிப் பிடித்தார். ப.மு. புள்ளி புள்ளியாக, தெளிவாக இருந்தது. மூன்று வருடமாக அவர் குழியை மட்டும்தான் பார்த்திருக்கிறார். ஆமிக்காரனுக்கோ தமிழ் வாசிக்கத் தெரியாது.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மூன்று வருடத்துக்கு முன் அம்மாவின் கந்தசஷ்டி விரதம் முடிந்த பாறணைக்கு இந்தக் கடையில் தூக்குச்சட்டியில் கேசரி வாங்கியபோது கூடவே வந்த கரண்டி அது. திருப்பிக் கொடுக்கச் சொல்லி அம்மா தந்ததை, அலுப்பில் அடுப்படி மேசை லாச்சிக்குள் போட்டவள் நான். என் கல்யாணத்தையும் சேர்த்தல்லவா அதற்குள் போட்டிருக்கிறேன் என்று அழுகை முட்டியது.

சரோஜினிதேவி சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அப்பா இன்னும் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடியே நின்றார். இராஜசிங்கம் அவர் கையிலிருந்த கரண்டியை மெல்ல வாங்கி மேசையில் வைத்தார்.

“மாமா தெரியாம எடுத்திட்டார். குறை நினைக்காதீங்க,” என்றார் பழனிமுத்துவிடம்.

மாமா! வாசலில் தாயார் நின்று திரும்பினார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

“பிறகென்ன, கல்யாணத்துக்கு நாளைப் பாக்கச் சொல்லுங்கோ.”

வீட்டுக்கு வந்தோம். கேற்றைத் திறக்கும்போது அப்பா என் பக்கம் திரும்பினார்.

“பெடியன் தங்கமான பெடியன். ஆனா பிள்ளை, கேசரி தின்னுறதுக்கு முதல் அவன் கை கழுவினதை நீ கண்டனியே?”

“கண்டனான் அப்பா. ரெண்டு தரம் கழுவினவர்,” என்று கூசாமல் பொய் சொன்னேன்.