கிழக்குக் கொட்டிலுக்கு ஒரு பந்தயம்

அறுபது நிறைந்த அன்று பன்றிக்கால் சேமியா தின்றால் பிடித்த பீடையெல்லாம் விலகும் என்பது எங்கள் யுன்லின் மாவட்டத்து நம்பிக்கை. என் வீட்டுக்காரர் சுன்-லியாங்குக்கு அறுபது நிறைந்ததோ பௌர்ணமியன்று. அமாவாசை, பௌர்ணமி இரண்டு நாளும் நான் கவிச்சியை வாயில் வைப்பதில்லை. மற்ற நாட்களில் வஞ்சனை கிடையாது. அறுநூறு பன்றி வளர்க்கிறவள் வேறு எப்படி இருப்பாள்?

எங்கள் மகள் பெய்-ச்சி அப்படியல்ல. தைச்சுங் நகரத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து, இந்த இரண்டு வருடமாக இறைச்சி, முட்டை, பால் எதையும் தொடுவதில்லை. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தால்கூட வாடை அடிக்கிறது என்று நகர்ந்துகொள்வாள். அவர் போய் இன்னொரு தடவை குளித்துவிட்டு வருவார். பிறந்தநாளுக்கு பன்றிக்கால் மாதிரியே செய்த பொய்க்கால் ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தாள். கோதுமைப் பசையும் காளானும்தான், ஆனால் தோல் மினுமினுப்பில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"எல்லாரும் இதுக்கு மாறிட்டா பண்ணையெல்லாம் தன்னால குறைஞ்சிடும்ப்பா."

"நீ கறிய நிறுத்தினப்போ நம்ம கிட்ட ஐநூத்தி நாப்பது. இப்ப அறுநூறு. நீ இன்னும் கொஞ்சம் தீவிரமா நிறுத்தினா ஆயிரம் ஆயிடும் போலிருக்கு."

"இதுக்கும் கறிக்கும் உங்களாலயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதுப்பா."

அவருக்குச் சுருக்கென்றது. "நாப்பது வருஷமா பன்னியோட குடித்தனம் பண்றேன். ஒரு வாய்ல சொல்லிடுவேன். சொல்லலேன்னா கிழக்குக் கொட்டில்ல இந்த வருஷம் குட்டி விடல. சொல்லிட்டா நீ ஒரு வாய் கறி திங்கணும்."

பெய்-ச்சியின் முகம் வெளுத்தது. ஆனாலும் அந்த அப்பனுக்குப் பிறந்தவள், சரி என்றாள்.

கிழக்குக் கொட்டிலைக் கழுவுவது யார் என்று இரண்டு பேரும் கேட்கவில்லை. வியாழக்கிழமை அறுபது குட்டி வருகிறது என்று கேட்டதிலிருந்து என் முழங்கால் அழுதுகொண்டிருந்தது.

கறி வெந்ததால் மகள் அடுக்களைக்குள் வரவில்லை. மோப்பம் பிடிப்பார் என்று அவரை நான் விடவில்லை. எலும்பை உருவி நிஜக் காலை ஃபிரிட்ஜில் முட்டைக்கோசுக்குப் பின்னால் ஒளித்தேன். இரண்டு கிண்ணத்திலும் பொய்க்காலையே போட்டேன். அவர் எதைச் சொன்னாலும் நான் மற்றதைச் சொல்ல வேண்டியதுதான். விரத நாளில் பொய். குவான்யின் அம்மனை ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிண்ணங்களைத் தூக்கினேன்.

இடது கிண்ணத்தில் ஒரு வாய் மென்றார். வலதில் ஒரு வாய். பிறகு என்னையே பார்த்தார்.

"இடதுதான் நம்ம பன்னி. மேற்குக் கொட்டில், மூணாவது வரிசை. அதோட குணமே நாக்குல தெரியுது."

"தப்பு! வலதுதான் கறி!" என் குரல் கொஞ்சம் தூக்கலாகவே வந்துவிட்டது.

பெய்-ச்சி துள்ளி எழுந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். வாடையெல்லாம் எங்கே போனதோ. அவர் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சாப்பாட்டுக் குச்சிகளைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் அவள் பேருந்து ஏறியதும் அவர் நேராக அடுக்களைக்கு வந்தார்.

"இன்னிக்கு உனக்கு விரதம் இல்ல. ஒளிச்சு வெச்ச காலை எடு."

"எந்தக் கால்?"

"ரெண்டுலயும் மாவைப் போட்டுட்டு எந்தக் காலுங்கிறியா?"

"தெரிஞ்சுமா தோத்தீங்க?"

"உன் முழங்கால் முனகறது எனக்குக் கேக்காதா? சேமியாவையும் சூடு பண்ணு. பீடை ஒரு நாள் தாமதமாப் போனா ஒண்ணும் ஆயிடாது."

வியாழக்கிழமை லாரி வந்தது. நாங்கள் வேண்டாம் என்ற அறுபதையும் பக்கத்துப் பண்ணை பூன்-ஹியோங் வாயெல்லாம் பல்லாக இறக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து பெய்-ச்சி வீடியோவில் கூப்பிட்டாள். காலிக் கொட்டிலைத் தோழிகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

அவர் கழுவிய தரையை மூலைக்கு மூலை நிதானமாகக் காட்டினார். வேலிக்கு அந்தப் பக்கம் அறுபதும் ஊரைக் கூட்டின.

"சத்தமே கேக்கலையேப்பா?"

போனின் அடியில் இருந்த மைக் ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்திருந்தார். குட்டிகள் மூச்சு வாங்கும் நேரம் பார்த்து விரலை எடுத்து, "காலி" என்று ஒரே சொல் சொல்லிவிட்டு, சட்டென்று மறுபடி பொத்திக்கொண்டார்.