கீழக்குயில்குடியின் டெலிபோன் வளர்ச்சி விகிதம்

1.

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய்யைச் சொன்னவன் நானே என்பதால் ஆதாரம் கெட்டி. தொண்ணூற்று நான்காம் வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதுதான் அந்தப் பக்கம் எஸ்.டி.டி. பூத்துகள் முளைத்தன.

முதல் தொடக்கம்: சமணர் மலைமேல் மேகம் கவிந்து, காற்று

(வேண்டாம். புள்ளிவிவரத்தில் மேகத்துக்குக் கட்டம் கிடையாது.)

இரண்டாம் தொடக்கம்: செவ்வாய்க்கிழமை மத்தியானம் புள்ளியியல் அலுவலக உதவியாளர் வெங்கடேஷ்பாபு கீழக்குயில்குடியில் பஸ்ஸை விட்டு இறங்கினான். வியாழக்கிழமை காலை அவனுக்குக் கல்யாணம். கையிலிருந்த அறிக்கையில் ஒரே ஒரு கட்டம் காலி. அது நிரம்பாமல் லீவு கிடையாது என்று அதிகாரி கண்ணுச்சாமி சொல்லிவிட்டார்.

2.

கட்டத்தின் தலைப்பு 'சதவீத மாற்றம்'. இந்த வருஷ எண்ணிக்கையில் போன வருஷத்தைக் கழி, மிச்சத்தைப் போன வருஷத்தால் வகு, நூறால் பெருக்கு. நாற்பது கோழி அறுபதானால் ஐம்பது சதவீதம். கோழிவரை முடித்துவிட்டான். டெலிபோன் பூத்துதான் போன வருஷம் பூஜ்யம், இந்த வருஷம் ஒன்று. பூஜ்யத்தால் வகுக்க எவனாலும் முடியாது.

(நான் ஒரு தடவை வகுத்தேன். நாகமலை ஒரு முழம் தள்ளிப்போனது. யாரும் கவனிக்கவில்லை.)

"அக்கா, போன வருஷமும் ஒரு பூத்து இருந்துச்சுன்னு சொல்லிருங்களேன்" என்று பூத்துக்காரி நாகஜோதியிடம் கெஞ்சினான்.

"இருந்த பூத்தை நான் தின்னுட்டேனாக்கும்? இந்த ஊருக்கு மொத பூத்து இதுதான். அதுக்கு எம்புட்டு அலைஞ்சேன் தெரியுமா? வேணும்னா நூறுன்னு போடு."

"நூறுன்னா ஒண்ணு ரெண்டாச்சுன்னு அர்த்தம்க்கா."

"சரி, நாளைக்கே இழுத்து மூடிட்டா?"

"அடுத்த வருஷம் மைனஸ் நூறுன்னு அழகா வரும்."

"நல்லாருக்குய்யா உங்க கணக்கு! தொறந்தா நம்பர் கெடையாது, மூடுனா நூறா?"

(முதல் பிரதியில் இவளைச் சாந்த சொரூபியாக எழுதியிருந்தேன். ஒத்துக்கொள்ளவில்லை.)

3.

அங்கிருந்தே அதிகாரிக்குப் போன் போட்டான்.

"வகுபட மாட்டேங்குது சார்."

"காலியா விட்டா மேலிடத்துல திருப்பி அனுப்புவாங்கய்யா. பேசாம அந்த வரியவே அடிச்சிரு!"

அது நாகஜோதி காதில் விழுந்தது. ரிசீவரைப் பிடுங்கினாள். (கூண்டுக்குள் இரண்டு பேர் நிற்க முடியாது, கதைக்காகச் சற்று அகலப்படுத்தியிருக்கிறேன்.)

"ஏன் சார், என் பூத்தையா அடிக்கச் சொல்றீக? உங்க வீட்ல தலைப்பிள்ளை பொறந்தப்ப எம்புட்டு சதவீதம்னு போட்டீக?"

மீட்டர் ஓடியது.

"பொம்பளப் பிள்ளம்மா" என்றார் கண்ணுச்சாமி கடைசியில். "ரெண்டே முக்கால் கிலோ." இருமினார். "அந்தப் பயட்ட சொல்லு. அவனுக்கு எது சரின்னு படுதோ அதை எழுதி வச்சிட்டுக் கல்யாணத்துக்குக் கெளம்பட்டும்."

4.

முடிவு ஒன்று: அவன் நூறு என்று எழுதினான். (இல்லை. என் புளுகுக்கும் ஓர் எல்லை உண்டு.)

முடிவு இரண்டு: எண்ணை விட்டுவிட்டு, எழுத்தால் 'முதல்' என்று

மூன்றாவதை யோசிப்பதற்குள் பஸ் ஹார்ன் அடிக்கிறது. மாப்பிள்ளை பேனாவோடு நிற்கிறான். கட்டம் இதோ:

[                    ]

நீங்களே எழுதிக் கொடுத்து அவனை ஏற்றிவிடுங்கள். கோடு போடுங்கள், பூப் படம் வரையுங்கள், உங்கள் இஷ்டம். பூஜ்யம் மட்டும் போட்டுவிடாதீர்கள், நாகஜோதி பார்த்துக்கொண்டிருக்கிறாள்.