ராலிட்சா தலையாட்டினாள்

பல்கேரியாவில் எங்கள் லோம் நகரத்துப் பள்ளியில் ஏழாம் வகுப்புக்குக் கணினிப் பாடம் எடுப்பவள் நான். வாரம் ஒரு பாட வேளை இணைய ஒழுக்கமும் சொல்லித்தர வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. 'யாரைப் படம் எடுத்தாலும் கேட்டுவிட்டுப் போடு' என்று கரும்பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி, இருபத்திரண்டு பேரையும் பத்துத் தடவை எழுத வைத்தேன். பெரிதாக என்னவோ சாதித்துவிட்ட நினைப்பு எனக்கு.

அடுத்த வாரமே ஷிவ்கோ கேட்டுவிட்டான்.

அவனோடு படிக்கும் ராலிட்சாவின் அம்மா ஜெர்மனியில் முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். ஈஸ்டருக்கு லீவு கிடைக்கவில்லை என்று அவள் சொன்னதும், பிள்ளை மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து மூக்கு ஒழுக போனில் அழுதிருக்கிறது. "ஒரு நாள் மட்டும் வாம்மா." முழுவதையும் படம் பிடித்துவிட்டுக் கடைசியில் ஷிவ்கோ கேட்கிறான்: "போடட்டுமா?" அவள் தலையை மேலும் கீழும் ஆட்டுகிறாள். எங்கள் பல்கேரியாவில் அதற்கு 'வேண்டாம்' என்று பொருள். சரி என்றால் தலை பக்கவாட்டில் ஆடும். இது கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். அப்படியும் இணையத்தில் போட்டுவிட்டான்.

"ஏண்டா போட்ட?"

"நீங்க சொன்ன மாதிரி கேட்டுட்டுத்தானே போட்டேன், மிஸ்."

"அவ வேண்டாங்கறா. கண்ணு அவிஞ்சா போச்சு?"

"கேக்கணும்னுதான் எழுத வச்சீங்க. என்ன பதில் வந்தா போடணும்னு எழுத வைக்கலையே."

வகுப்பே சிரித்தது. ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது, அவனையா என்னையா என்றுதான் தெரியவில்லை.

அன்றே அழித்துவிட்டான். அதற்குள் எந்த நாட்டுக்காரனோ எடுத்துத் தன் பக்கத்தில் போட்டுவிட்டான். 'அழுகை முடிந்ததும் போடச் சொல்லித் தலையாட்டுகிறாள், பலே நடிகை!' மூன்று லட்சம் பேர் சிரித்திருந்தார்கள்.

அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பினேன். பதில் வந்தது: 'பரிசீலித்தோம். காணொளியில் இருப்பவர் தலையசைத்துச் சம்மதம் தெரிவிக்கிறார். நீக்க இயலாது.' எங்கள் ஊர் வழக்கத்தை விளக்கி இரண்டு பக்கம் எழுதினேன். ஓர் எழுத்துகூட மாறாமல் அதே பதில். மூன்றாம் முறையும் அதேதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். உலகத்தின் வாய்க்கு நான் எங்கே போவேன்?

வெள்ளிக்கிழமை ராலிட்சாவின் அம்மா பள்ளிக்கு போன் செய்தாள்.

"டீச்சர், இங்க கூட வேலை பாக்கறவங்கல்லாம் பாத்துட்டாங்க. பொண்ண நல்லா நடிக்கப் பழக்கியிருக்கேன்னு என்னையே கிண்டல் பண்றாங்க. அழறதா இருந்தா இனிமே எனக்கு போன் பண்ணாதேன்னு அவகிட்ட சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

இன்று மறுபடியும் அந்தப் பாட வேளை. கரும்பலகையில் எழுத எனக்கு ஒரு வார்த்தையும் வரவில்லை. பேசாமல் படிக்கச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடித்ததும் எல்லோரும் ஓடிவிட்டார்கள். ராலிட்சா மட்டும் பையை மெதுவாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மாகிட்ட பேசினியா, கண்ணு?"

முதலில் வாசல் பக்கம் பார்த்தாள், யாராவது போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார்களா என்று. பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டினாள்.