செவலையின் ஹேண்டில்

என் வீட்டுக்காரர் செத்துப்போன வண்டிகளுக்குத்தான் பொம்மை செய்வார். உயிரோடு இருக்கிற வண்டிக்குச் செய்ததே இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அன்று நான் செய்த காரியம் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். சொன்ன பிறகும் அப்படித்தான் தெரிகிறது என்றால் தெரிந்துவிட்டுப் போகட்டும்.

அவர் பெயர் குழந்தைவேலு. வாயால் சொல்லமாட்டேன், எழுதினால் குற்றமில்லை. அந்தமானில் பாராடாங் தீவில் சர்க்கார் டிராக்டர் டிரைவர். காடு வெட்டின நிலத்தில் வேர் பிடுங்கி, குடியேறினவர்களுக்கு உழுது கொடுக்கிற வேலை. அறுபத்து மூன்றில் மெட்ராஸிலிருந்து கப்பல் ஏறி வந்தோம். நாலு நாள் நான் தலை தூக்கவில்லை. மூன்றாம் நாள் புயலில், “இனிமே என்னைக் கப்பல்ல ஏத்தினா கடல்ல குதிச்சிடுவேன்” என்று கத்தினது ஞாபகம் இருக்கிறது. கோபம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. சொன்னதை நான் அன்றைக்கே மறந்துவிட்டேன்.

சாயங்காலம் காபி குடித்ததும் படாக் மரத் துண்டையும் பேனாக்கத்தியையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். விளக்குப் பலகையில் நாலு பொம்மை வரிசையாக நிற்கும். வண்டிகளுக்கு மாட்டுப் பெயர்தான் வைப்பார். காரி, சண்டைக் காலத்தில் யாரோ விட்டுப்போன புல்டோசர். அதை ஓட்டினால் இரண்டு நாளைக்குக் காது கேட்காது என்று பெருமையாகச் சொல்வார், கேட்காமல் போனது பெருமையா என்று நான் கேட்பேன். கொம்பனுக்கு முன்னால் இரண்டு பெரிய விளக்கு. மோழைக்குப் புகைக்குழாய் ஒடிந்துபோய், அப்படியே ஆறு வருஷம் உழைத்தது. ஒவ்வொரு பொம்மையிலும் அந்த வண்டியின் உறுப்பு ஒன்று, ஒரு நட்டாவது வாஷராவது, பதித்திருக்கும். யார் வீட்டுக்கு வந்தாலும் அவற்றை இறக்கி வைத்துக் கதை சொல்வார். வந்தவர்கள் கொட்டாவி விட்டாலும் நிறுத்தமாட்டார்.

நாலாவது பொம்மை மயிலை. சாம்பல் நிற டிராக்டர். அதன் கதையை மட்டும் சொல்லமாட்டார். ஜெட்டி பக்கம் கடலில் விழுந்தது, ஓட்டின இராமகிருஷ்ணனையும் சேர்த்துக்கொண்டு போனது. இவ்வளவுதான் எனக்குத் தெரியும். எப்படி விழுந்தது என்று ஒரு தடவை கேட்டேன். “விடு விசாலம்” என்று எழுந்து போய்விட்டார்.

இப்போது அவர் ஓட்டுவது செவலை. சிவப்பு வண்டி.

எழுபத்து நாலாம் வருஷம், ஜூன் மழை பிடித்திருந்தது. கட்டிலுக்குக் கீழே பெருக்கும்போது விளக்குமாற்றில் ஒரு துணி மூட்டை தட்டியது. அவிழ்த்தேன். பாதி செதுக்கின டிராக்டர். ஒரு பக்கம் மட்டும் சிவப்புச் சாயம். முன்னால் ஒரு ஹார்ன் பித்தான் பதித்திருந்தது. போன மாதம் செவலையிலிருந்து உடைந்து விழுந்த பித்தான், அவர் சட்டைப்பையிலிருந்து நானே எடுத்துக் கொடுத்தது.

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஓடுகிற வண்டிக்கு ஏன் பொம்மை? அதுவும் ஏன் ஒளித்து வைத்து? எனக்கு மயிலைதான் ஞாபகம் வந்தது.

அதற்கப்புறம் நாலு நாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். சோற்றை அளைந்தார். என்னவோ சொல்ல வருவதுபோல வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். எனக்கு நேராகக் கேட்கத் தெரியாதா? தெரியும். ஆனால் சாவு என்கிற வார்த்தையை வாயால் சொன்னால் பலித்துவிடும் என்று பயம். சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

“ஏங்க, செவலைக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே?”

“அதுக்கென்ன, நல்லாத்தான் இருக்கு” என்றார். சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஐந்தாம் நாள் காலையில், “இன்னைக்குச் செவலையைப் பார்ஜ் படகுல ஏத்தி ஹேடோ துறைமுகத்துக்கு அனுப்பணும். பத்து மணிக்குத் தண்ணி வடிய ஆரம்பிச்சிடும், அதுக்குள்ள முடிக்கணும்” என்றார்.

“எதுக்கு ஹேடோவுக்கு?”

“ஆபீஸ் உத்தரவு” என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

பார்ஜ், தண்ணீர், செவலை. எனக்கு வேறு என்ன தோன்றும்? சுவரோரம் ஹேண்டில் சாய்ந்திருந்தது. வண்டிக்கு பேட்டரி போய் ஒரு வருஷம். முன்னால் ஹேண்டிலை விட்டுச் சுற்றினால்தான் உயிர் வரும். வேறு யாரும் வண்டியைத் தொடக்கூடாது என்று தினமும் அதைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவார். இது இல்லாவிட்டால் வண்டி நகராது, வண்டி நகராவிட்டால் இவர் தண்ணீர்ப் பக்கம் போகமாட்டார். நான் அவ்வளவுதான் நினைத்தேன். அரிசி டின்னைத் திறந்து, ஹேண்டிலை உள்ளே அழுத்தி, மேலே அரிசியால் மூடினேன்.

குளித்துவிட்டு வந்து தேடினார். “விசாலம், ஹேண்டிலைப் பாத்தியா?”

“உங்க சாமானை நான் என்னைக்குத் தொட்டிருக்கேன்?” என்றேன், கொஞ்சம் எரிச்சலாகவே. அந்தக் குரலுக்கு அவர் எப்போதும் எதிர்ப்பேச்சு பேசமாட்டார். ஷெட்டில் மறந்து வைத்துவிட்டேனோ என்று முணுமுணுத்துக்கொண்டே மழையில் இறங்கிப் போனார்.

பத்து மணி தாண்டினால் போதும். அடுப்பில் உலையை வைத்துவிட்டு, அரிசி டின்மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முருகா, இன்னும் ஒரு மணி நேரம், இன்னும் அரை மணி நேரம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

சைனம்பு குடையில்லாமல் ஓடிவந்தாள். அவளும் அவள் புருஷன் நூர்முகம்மதும் ஜெட்டியில் கடை வைத்திருந்தார்கள்.

“அக்கா, ஹேண்டில் இங்க இருக்கா? அண்ணன் தேடிக்கிட்டே இருக்காரு. ஓவர்சியர் விடமாட்டேங்கிறாரு. ஹேண்டில் நஹி தோ க்யா, இல்லாட்டி என்ன, ஷெட்டு மேட்டுலேருந்து உருட்டி ஸ்டார்ட் பண்ணுங்கிறாரு.”

“உருட்டியா?”

“ஆமா. பாதி மேட்டுல என்ஜின் பிடிக்கலைன்னா, இந்த ஈரத்துல பிரேக்கும் நிக்காது, நேரே கடல்தான். அண்ணன் மாட்டேன்னுதான் சொன்னாரு. ஓவர்சியர் கேக்கலை. மயிலையும் இப்படித்தானே போச்சு. அன்னைக்கு ஹேண்டிலை எவனோ எடுத்துட்டுப் போயிட்டான்.”

அவர் தினமும் ஹேண்டிலைத் தோளில் சுமந்து வந்தது எதற்கென்று அப்போதுதான் புரிந்தது. அரிசி டின்னைக் கவிழ்த்தேன். தரையெல்லாம் அரிசி. ஹேண்டிலைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். சைனம்பு பின்னாலிருந்து என்னவோ சொல்லிக் கூப்பிட்டாள்.

எங்கள் வீட்டிலிருந்து ஜெட்டி பாதைக்கு ஐந்து நிமிஷ நடை. அன்று எவ்வளவு ஆயிற்றோ தெரியாது. சேற்றில் ஒரு செருப்பு போயிற்று. கொன்றுவிட்டேன், நானே கொன்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். யார் கேட்டால் என்ன?

நான் பாதையில் ஏறியபோது செவலை மேட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. என்ஜின் சத்தமில்லை. சக்கரம் ஈர மண்ணில் உரசுகிற சத்தம் மட்டும். அவ்வளவு பெரிய வண்டி சத்தமில்லாமல் வருவதைப் பார்த்தால்தான் அந்தப் பயம் தெரியும். மேலே அவர், இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். எனக்குப் பின்னால் ஐம்பது அடியில் தண்ணீர்.

நான் நடுப்பாதையில் நின்று ஹேண்டிலை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினேன். உருண்டு வருகிற வண்டிக்கு ஹேண்டிலைக் காட்டி என்ன ஆகப்போகிறது? அதெல்லாம் அப்போது தோன்றவில்லை.

அவர் என்னைப் பார்த்தார். அந்த முகத்தை நான் மறக்கவேமாட்டேன். ஸ்டியரிங்கை ஒரேயடியாகச் சாய்த்தார். வண்டி என் சேலையில் சேற்றை வாரி அடித்துவிட்டு, பாதையை விட்டு இறங்கி, கண்டல் மரங்களுக்குள் புகுந்து, அச்சு முழுகச் சேற்றில் நின்றது.

பிறகு அவர் இறங்கினார். முகவாயில் ரத்தம். நொண்டி நொண்டி என்னிடம் வந்து, என் தோளைப் பிடித்து, தலையிலிருந்து கால்வரை பார்த்தார். “அடி படலையே?” என்றார். நான்தான் ஓவென்று அழுதேன்.

ஓவர்சியர் கிருஷ்ணமூர்த்தி குடையோடு ஓடிவந்தார். “அரே, ஹேண்டில் இவங்க கையில எப்படி வந்துச்சு? காலையிலேருந்து எங்கய்யா இருந்துச்சு அது?”

என் வீட்டுக்காரர் ஹேண்டிலை என் கையிலிருந்து வாங்கினார். கிரீஸ் பிசுக்கில் அரிசி ஒட்டியிருந்தது. அதை ஒரு நொடி பார்த்தார். கட்டைவிரலால் வழித்துக் கீழே உதறிவிட்டு, “நான்தான் சாப், வீட்டுல மறந்துட்டேன். அவ எடுத்துட்டு ஓடியாந்தா. தப்பு என்னுது” என்றார்.

“மேலே ஆபீசுக்கு எழுதித்தான் அனுப்புவேன்.”

“எழுதுங்க சாப்.”

சைனம்பு கடை பெஞ்சில் உட்கார வைத்து டீ கொடுத்தாள். அவள் உள்ளே போனதும், நான் பொம்மையைப் பார்த்ததிலிருந்து அரிசி டின் வரைக்கும் எல்லாவற்றையும் சொன்னேன். குனிந்துகொண்டே கேட்டார்.

“செவலை சாகலை விசாலம். அதை ஹட் பே தீவுக்கு மாத்திட்டாங்க. அங்க தோட்டம் போடுறாங்களாம். ஹேடோவுலேருந்து கப்பல்ல போகும். ஓட்டுறதுக்கு என்னையும் சேர்த்துத்தான் உத்தரவு வந்துச்சு.”

“அதைச் சொல்றதுக்கென்ன?”

“நீ கப்பல்ல ஏறமாட்டியே. ஏத்தினா குதிச்சிடுவேன்னு சொன்னியே.” டீயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “வண்டி போகட்டும், நான் வரலை, இங்கயே மஸ்தூரா, கூலியாளா இருந்துக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். இனி செவலை எனக்கு இல்லதானே. அதான் பொம்மை.”

பதினொரு வருஷம். நான் வாந்திக்கு நடுவில் கத்தின ஒரு வார்த்தையை இந்த மனுஷன் பதினொரு வருஷமாக உள்ளே வைத்துக்கொண்டு, அதற்காக ஸ்டியரிங்கையே விட்டுவிட்டு மண்வெட்டி பிடிக்கத் தயாராகியிருக்கிறார். அதை என்னிடம் சொல்லவும் பயம், என் வாய்க்கு. எனக்கு வந்த வெட்கத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“கோவத்துல நான் ஆயிரம் சொல்லுவேன்” என்றேன். “அதையெல்லாமா கணக்குல வைப்பீங்க? போய் அந்தக் காகிதத்தைத் திரும்ப வாங்கிட்டு வாங்க.”

செவலையைக் காட்டிலாகா யானை ஒன்று இழுத்து வெளியே போட்டது. ஓவர்சியர் எழுதினதற்கு ஒரு வருஷ இன்கிரிமென்ட் போயிற்று. அடுத்த மாதம் ஹேடோவில் கப்பல் ஏறினோம். செவலை மேல்தளத்தில் கயிறு கட்டி நின்றது. பொம்மை, பாதி செதுக்கினபடியே, டிரங்குப் பெட்டிக்குள் இருந்தது. அதை முடிக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன்.

கரை மறைந்ததும் கப்பல் ஆட ஆரம்பித்தது. பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். கண்ணை இறுக்க மூடிக்கொண்டேன். மடியில் முந்தானைக்குள் ஹேண்டில் கனத்தது.

“அதை ஏன் நீ வச்சிருக்க, குடு” என்றார் அவர்.

“என்கிட்டயே இருக்கட்டும்” என்றேன். “இனிமே தினம் காலையில நானே உங்க கையில குடுக்கிறேன்.”