கீழே நின்றவள்

பஞ்சம்மாள் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்ததும் சண்முகவள்ளிக்கு அழுகை நின்றுவிட்டது. அதுவரை நான்கு பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டு, தோளில் தலை சாய்த்து அழுதுகொண்டிருந்தார்கள். யார் தேற்றியும் அடங்காத அழுகை, அந்த ஒருத்தி முகத்தைக் கண்டதும் சட்டென்று வற்றிவிட்டது. வயிற்றெரிச்சலுக்கு அவ்வளவு பலம் உண்டு.

பந்தலில் பெஞ்சின் மேல் சண்முகவள்ளியின் புருசன் கூத்தையா கிடந்தான். நேற்று மதியம் உச்சிப்புளி ஊரில் ஒரு வீட்டுப் புளியமரத்தில் கொப்பு வெட்டிக்கொண்டிருந்தபோது நெஞ்சு நின்றுபோனது. விழவில்லை, உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு மரத்தடியில் நின்ற பஞ்சம்மாள் பதனமாகக் கீழே இறக்கினாள் என்று உடம்பைக் கொண்டுவந்த வேன்காரன் சொன்னான். ஆஸ்பத்திரியில் கைவிரித்துவிட்டார்கள்.

பஞ்சம்மாள் வந்து கட்டிக்கொண்டு அழவில்லை. முந்தானையை இழுத்துப் போர்த்தியபடி முருங்கை மரத்தோரம் நின்றுகொண்டாள்.

"பாத்தியா மதினி, கூட்டாளி செத்துக் கெடக்கான், இங்கன வந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விட மனசு வரல அவளுக்கு" என்று கூத்தையாவின் தங்கை பூமயில் காதில் முணுமுணுத்தாள். மூன்று வருசமாகச் சண்முகவள்ளிக்குள் வெந்துகொண்டிருந்தது பூமயிலுக்கு எங்கே தெரியப்போகிறது.

மூன்று வருசத்துக்கு முன்னால் செல்போன் டவர் ஏறுகிறவர்கள் சாமான் வாங்கும் மதுரைக் கடையிலிருந்து கூத்தையா இரண்டு சாமான் கொண்டுவந்தான். ஒன்று, எட்டுப் போட்ட மாதிரி ஒரு வளையம். கயிற்றை அதில் கோத்துக்கொண்டு கீழே ஒரு ஆள் நிற்க வேண்டும். கையைத் தளர்த்தினால் கயிறு ஓடும், இறுக்கினால் நிற்கும். இன்னொன்று பூட்டு. ஏறுகிறவன் இடுப்பிலேயே இருக்கும்; ஏற ஏறத் தானே கயிற்றைக் கவ்விக்கொள்ளும், யாரும் வேண்டாம். கட்டிப் பார்த்துவிட்டு வேண்டாததைத் திருப்பித் தரலாம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கொல்லை வேம்பில் சோதனை நடந்தது. பூட்டை மாட்டிக்கொண்டு தொங்கினான், குறையில்லை. அடுத்து வளையம். கவட்டையில் கப்பி கட்டி, கயிற்றின் ஒரு நுனியைத் தன் இடுப்பிலும் வளையத்தைச் சண்முகவள்ளியின் இடுப்பிலும் மாட்டினான். அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. புருசன் உயிர் தன் கையில் என்றால் சும்மாவா? அவன் கொப்பிலிருந்து காலை எடுத்தான். அவன் கீழே வர, நாற்பது கிலோ சண்முகவள்ளி விர்ரென்று மேலே போனாள். பாதி வழியில் இரண்டு பேரும் மூஞ்சிக்கு மூஞ்சி பார்த்துக்கொண்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

சிரித்தவர்களில் பஞ்சம்மாளும் ஒருத்தி. புருசனைப் பறிகொடுத்தவள், களையெடுப்பு, மூட்டை தூக்குவது என்று எந்த வேலைக்கும் போவாள். எண்பது கிலோவுக்குக் குறையமாட்டாள். "இங்கன குடு" என்று வாங்கி இடுப்பில் மாட்டிக்கொண்டாள். கூத்தையா தொங்கினான். அவள் இம்மிகூட அசையவில்லை. மறுநாளே அவன் பூட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தான்.

தனியாக ஏற வழி இருக்கும்போது, ஒருத்தியைக் கூடவே கூட்டிக்கொண்டு அலைகிற சாமானை ஏன் வைத்துக்கொண்டான்? சண்முகவள்ளி ஒரு தரம் கேட்டாள். "அதுதான் தோது" என்றான், அவ்வளவுதான். அப்புறம் தினமும் அவனும் பஞ்சம்மாளும் ஒன்றாகப் பஸ் ஏறினார்கள். "கூத்தையா, விடவா? கூத்தையா, போதுமா?" என்று அவள் மரத்தடியில் நின்று கத்துவாள். இருபத்திரண்டு வருசக் குடித்தனத்தில் சண்முகவள்ளி அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சோறு கொண்டுபோன ஒரு நாள் அதைக் கேட்டாள். மறுநாளிலிருந்து கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள்.

பூமயிலின் பிடியை உதறிவிட்டு இப்போது எழுந்தாள். நேரே முருங்கை மரத்துக்குப் போனாள்.

"கடைசியா என்ன சொன்னாக?"

பஞ்சம்மாள் நிமிர்ந்து பார்க்கவில்லை. "'பஞ்சு, எறக்கு'ன்னான். அம்புட்டுத்தான். பொறவு மொத்தக் கனமும் கயித்துக்கு வந்துருச்சு."

கடைசிப் பேரும் இவள் பேர்தான்.

"அந்தப் பூட்ட வச்சிருந்தா நீ எதுக்கு அங்கன நிக்கப் போற?"

"வச்சிருந்தா ராத்திரி பூரா மேலதான் தொங்கிருப்பான் வள்ளி. ஃபயர் சர்வீஸ்தான் வந்து எறக்கணும். அதுக்குத்தான் அன்னைக்கு வேண்டாம்னான். 'மேல எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா பூட்டு கவ்விக்கிட்டு விடாது. வள்ளி வந்து அண்ணாந்து பாத்துக்கிட்டு நிப்பா, அவளால தாங்க ஏலாது. கீழ ஆளு இருந்தா எறக்கிப்புடலாம்'னு சொன்னான்."

"உங்கிட்டயா சொன்னாக?"

"ஆமா."

"எங்கிட்டச் சொல்லலையே."

தனக்காகத்தான் பூட்டை வேண்டாமென்றிருக்கிறான் என்று கேட்டதும் சண்முகவள்ளிக்கு நெஞ்சு ஒரு கணம் குளிர்ந்தது. ஆனால் அதையும் இவளிடம்தானே சொல்லியிருக்கிறான்! மூன்று வருசமாக இவள் அதை மடியில் முடிந்து வைத்திருந்திருக்கிறாள். எரிச்சல் இன்னும் ஒரு பங்கு ஏறியது.

"எண்ணெ வைக்கிறவுக வாங்கப்பா, நேரமாகுது" என்று கூத்தையாவின் அண்ணன் நாகநாதன் குரல் கொடுத்தார். குளிப்பாட்டுவதற்கு முன் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, புறங்கையால் நல்லெண்ணெய் தொட்டுத் தலையில் வைத்தார்கள். முதலில் சண்முகவள்ளி வைத்தாள். கிண்ணத்தைப் பிடித்திருந்த பூமயில், வரிசையின் கடைசியில் நின்ற பஞ்சம்மாளைத் தாண்டிப் போகப் பார்த்தாள். சண்முகவள்ளி கிண்ணத்தைப் பிடுங்கினாள்.

"அவளும் வைக்கட்டும்."

பஞ்சம்மாள் தயங்கினாள். பிறகு போர்த்தியிருந்த முந்தானைக்குள்ளிருந்து வலது கையை எடுத்து, புறங்கை கீழே வரும்படி திருப்பினாள். உள்ளங்கை மேலே வந்தது. சுண்டுவிரலடியிலிருந்து பெருவிரல்வரை கயிற்றின் அகலத்துக்குத் தோல் உரிந்து, சிவந்து, ஓரங்களில் கருகியிருந்தது.

"கயிறு ரெண்டு முழம் ஓடிருச்சு" என்றாள் மன்னிப்புக் கேட்கிற குரலில். "பொறவு விடல. பைய பைய எறக்கிட்டேன்."

எண்ணெயைத் தொட்டு அவன் தலையில் வைத்துவிட்டுத் திரும்பியவளின் மணிக்கட்டைச் சண்முகவள்ளி பிடித்துக்கொண்டாள். கிண்ணத்தில் விரலை முக்கி அந்த உள்ளங்கையில் தடவத் தொடங்கினாள்.

"மதினி! பொணத்துக்கு வச்ச எண்ணெ!" என்று பூமயில் பதறினாள். பெண்கள் வாயில் கைவைத்தார்கள்.

சண்முகவள்ளி தடவிக்கொண்டே இருந்தாள். நடுவில் தன் உள்ளங்கையைத் திருப்பி ஒரு தரம் பார்த்துக்கொண்டாள். எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர அதில் ஒன்றுமில்லை. மறுபடி விரலை முக்கினாள். இந்தத் தரம் புண்ணின் மேல் பெருவிரலை வைத்து, தேவைக்கு அதிகமாகவே அழுத்தினாள்.

பஞ்சம்மாள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.