ஓடை தெளிஞ்ச வருஷம்

ஓடை தெளிஞ்சதுன்னு ஊரே சந்தோஷப்பட்டப்போ எனக்கு மட்டும் பயம் பிடிச்சுது. வாயைத் திறந்து சொன்னா யார் கேக்குறா? "உனக்கு நல்லதே கண்ணுல படாதா?"ன்னு அக்கா எரிஞ்சு விழுந்தா. படும். நல்லது கெட்டது ரெண்டையும் பாக்குறதுக்குத்தான் எனக்கு வேலையே கொடுத்து வச்சிருக்காங்க.

என் வேலை தண்ணி பாக்குறது. ஆபீஸ்ல இருந்து மாசாமாசம் இந்த ஓடைக்கு வருவேன். முழங்கால் வரைக்கும் பூட்ஸ் மாட்டிக்கிட்டு, வலையைத் தண்ணிக்குள்ள நிறுத்தி, அதுக்கு முன்னாடி கிடக்குற கல்லையெல்லாம் காலால உதைச்சுக் கிளறுவேன். கல்லுக்கு அடியில ஒட்டிக்கிட்டிருக்குற பூச்சியெல்லாம் அடிச்சுக்கிட்டு வந்து வலையில விழும். எது இருக்கு, எது இல்லைன்னு பாத்தா தண்ணியோட லட்சணம் தெரிஞ்சிடும். கையில அமிலம் அளக்குற மீட்டரும் இருக்கு, எண் இறங்குனா அமிலம் ஏறுதுன்னு அர்த்தம். ஆனா மீட்டர் அந்த நிமிஷத்தை மட்டும்தான் சொல்லும். பூச்சி, போன மாசம் இங்க என்ன கூத்து நடந்துச்சுங்குறதையும் சேர்த்துச் சொல்லும். அத்தான் எனக்கு வச்ச பேரே பூச்சிதான். சம்பளம் வாங்கிக்கிட்டு சேத்துல விளையாடுற ஒரே ஆள் நீதான்னு வேற கிண்டல் பண்ணுவார்.

அத்தான்னா அக்கா வீட்டுக்காரர். நிலக்கரிச் சுரங்கத்துல பம்ப் ஓட்டினவர். கரி வெட்டுற இடத்துல தண்ணி ஊறிக்கிட்டே இருக்கும். அதை இறைச்சு வெளியே தள்ளலைன்னா உள்ள ஒருத்தரும் நிக்க முடியாது. பாறையில இருக்குற கந்தகத்தையும் இரும்பையும் கரைச்சுக்கிட்டு, அமிலமா மாறித்தான் அந்தத் தண்ணி வெளியே வரும். காத்து பட்டா துருவாகி, கல்லு மேல எல்லாம் செங்கல் நிறத்துல சேறா படிஞ்சிடும். அப்புறம் அங்க பூச்சி ஏது, மீன் ஏது? நான் பிறக்குறதுக்கு முன்னாடியே ஓடை சிவப்புதான். கம்பெனிக்காரங்க யாரும் இந்த ஊர்ல குடியிருக்கல. கைக்கெட்டுற தூரத்துல இருந்தது அத்தான் ஒருத்தர்தான். அதனால யாருக்கு என்ன கோபம் வந்தாலும் இவர் தலையிலதான் வந்து விடியும். டீக்கடையில உக்காந்தா, இந்த ஆளு பம்ப் போட்டுத்தானே நம்ம தண்ணி நாசமாச்சுன்னு காதுபடப் பேசுவாங்க. மனுஷன் டீயைக் குடிச்சுட்டு எழுந்து வந்துடுவார். ஒரு நாளாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம். எனக்கு அந்த விஷயத்துல அவர் மேல கோபம் உண்டு.

கரி தீர்ந்து சுரங்கத்தை மூடினாங்க. கடைசி பம்பை நிறுத்தினதும் அத்தான்தான். அதோட பம்ப் தள்ளின சிவப்புத் தண்ணி நின்னுச்சு. ரெண்டு மழைக்காலம் வந்து கல்லைத் தேய்ச்சுக் கழுவி விட்டுச்சு. மேல காட்டுப்பக்கம் இருந்து பொடி மீன் கூட்டம் கூட்டமா இறங்கி வர ஆரம்பிச்சுது. அத்தானுக்குத் தலைகால் புரியல. பொழுது விடிஞ்சா கையில ரொட்டித் துண்டோட கரையில போய் உக்காந்துடுவார். தெருவுல போறவங்க எல்லாம் நின்னு அவர்கிட்ட பேசினாங்க. அவர் பக்கத்துலயே உக்காந்து மீன் பாத்தாங்க. அந்த முகத்துல அப்படி ஒரு வெளிச்சத்தை அக்கா கல்யாணத்தன்னைக்குக் கூட நான் பாத்ததில்ல.

என் பயம் இதுதான். பம்ப் நின்னாலும் ஊத்து நிக்காது. வெளியே வரலைன்னா, அந்தத் தண்ணி எல்லாம் மலைக்குள்ள ஏறிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். கம்பெனி அதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டுத்தான் போயிருந்துச்சு. ஓடைக்கரையில இருந்த பழைய சுரங்க வாசலைக் கான்கிரீட் சுவர் வச்சு அடைச்சு, சுவருக்கு அடியில கை நுழையுற அளவுக்கு ஒரு குழாய் விட்டிருந்தாங்க. உள்ள ஏறுற தண்ணி அது வழியா வடிஞ்சுக்கிட்டே இருந்தா சுவர் தாங்கும்னு கணக்கு. குழாயில இருந்து கொஞ்சமா சிவப்புத் தண்ணி வந்து, ஒரு சின்ன வாய்க்கால்ல இறங்கி ஓடையில கலக்கும். அந்த ஒரு இடம் மட்டும் துருப்பிடிச்சே கிடந்துச்சு.

அந்தச் சுவரை ஒட்டித்தான் அக்காவோட சலவைக்கூடம். சுரங்கத்துக்காரங்க சாமான் போட்டு வச்சிருந்த கொட்டகையை எடுத்து, மெஷினும் பாய்லரும் வச்சு, ஆஸ்பத்திரி விரிப்பு, லாட்ஜ் துண்டுன்னு நாலஞ்சு பேரோட வெளுத்துக்கிட்டிருந்தா. பாய்லர் அறைக்குப் பின்சுவரே அந்தக் கான்கிரீட்தான். அதுக்குக் கீழ ஓடை ஓரமாவே ஒரு தெரு போகுது. வரிசையா வீடு.

அன்னைக்கும் வழக்கம்போல வலையை எடுத்துக்கிட்டு இறங்கினேன். கீழ இருந்து மேலதான் நடப்போம். மேல கால் வச்சா கலங்கி, கீழ இருக்குற இடம் கெட்டுப் போயிடும். ரெண்டு இடம் முடிச்சுட்டு, வாய்க்கால் வந்து கலக்குற இடத்துக்கு வந்தேன். எப்பவும் அங்க வலை காலியாத்தான் வரும். சும்மா பேருக்குக் கல்லை உதைச்சேன். வலையைத் தூக்கினா உள்ள நெளியுது! மூணு வால் வச்ச பூச்சி, மணலை ஒட்டிக் கூடு கட்டிக் குடியிருக்குற புழு, எல்லாம் சுத்தமான தண்ணியைத் தவிர வேற எதுலயும் தங்காத ஜாதி. நிஜமாச் சொல்றேன், எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அப்புறம்தான் உறைச்சுது. இங்க எப்படிடா வந்துச்சு இது?

திரும்பி வாய்க்காலைப் பாத்தேன். காஞ்சு கிடந்துச்சு. படிஞ்சிருந்த துரு வெயில்ல பொருக்குப் பொருக்கா உரிஞ்சிருந்துச்சு. வலையைக் கரையில போட்டுட்டு குழாய்கிட்ட ஓடினேன். குழாய் வாயில ஒரு மரக்கட்டை. அதைச் சுத்தி ரப்பர், ரப்பருக்கு மேல ஆப்பு, ஓரமெல்லாம் சிமெண்டு பூசி, விரலால தடவி வழவழன்னு விட்டிருந்துச்சு. இவ்வளவு நேர்த்தியா ஒரு கசிவை அடைக்க இந்த ஊர்ல ஒரே ஒரு ஆளாலதான் முடியும்.

சுவர்ல கை வச்சேன். ஜில்லுன்னு வேர்த்திருந்துச்சு. காதை வச்சா உள்ள இருந்து ஒரு ரீங்காரம். தூரத்துல லாரி நின்னு இஞ்சின் ஓடுற மாதிரி, நிக்காம. சுவருக்கு நடுவுல முடி அளவுக்கு ஒரு விரிசல். அதுல இருந்து சிவப்பா ஒரு கோடு இறங்கியிருந்துச்சு.

அத்தான் கரையில உக்காந்து ரொட்டியைப் பிச்சுப் போட்டுக்கிட்டிருந்தார். எனக்கு மூச்சு வாங்குது.

"அத்தான், குழாயை நீங்கதானே அடைச்சீங்க?"

"பாத்தியா? ஒரு சொட்டு கசியாது." மனுஷனுக்கு வாயெல்லாம் பல்லு.

நான் கேக்காமலே கதையைச் சொன்னார். நான் போன தடவை வந்துட்டுப் போன மறுநாள் அடைச்சாராம். மீனெல்லாம் அந்த இடம் வரைக்கும் வந்து, வாயைப் பொளந்துக்கிட்டுத் திரும்பிப் போகுதாம். சிலது திரும்பாம மல்லாந்து மிதக்குதாம். அதைப் பாத்துக்கிட்டு எப்படிச் சும்மா இருக்குறதுன்னு கேட்டார். காலம் பூரா கசிவை அடைச்சே பழகின கை அது. ஒரு குழாய் ஒழுகினா அவருக்குத் தூக்கம் வராது. உள்ள ஏறுற தண்ணி ஒரு மட்டத்துக்கு வந்து தானா நின்னுடும்னு இன்ஜினியருங்க சொன்னதை அப்படியே நம்பியிருந்தார்.

"குழாய் திறந்திருந்தாத்தான் நிக்கும் அத்தான்"னேன். "நீங்களே சொல்வீங்களே, அரை நாள் கரண்ட் போனா உள்ள மார் மட்டம் ஏறிடும்னு. இப்போ எது வரைக்கும் ஏறியிருக்கும்?"

அவர் ரொட்டியைக் கீழ வச்சுட்டு எழுந்து வந்தார். பம்புல கை வச்சுப் பாக்குற மாதிரி உள்ளங்கையைச் சுவர்ல பதிச்சு, கண்ணை மூடிக்கிட்டு நின்னார். கையை எடுத்தப்போ முகத்துல ஈயாடல.

"அக்காவையும் மத்தவங்களையும் வெளியே கொண்டு வா"ன்னு மட்டும் சொன்னார்.

ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஆபீசர் நல்ல மனுஷர், பதறிட்டார். தெருவைக் காலி பண்ணச் சொல்லு, சாயங்காலத்துக்குள்ள ஆளைக் கூட்டிட்டு வந்துடுறேன்னார். தெருவுல படுத்த படுக்கையா கிடக்குறவங்களும் இருக்காங்க, கைக்குழந்தைங்களும் இருக்கு. சொன்ன உடனே காலி பண்ண அது என்ன சினிமா கொட்டகையா? சலவைக்கூடத்துல அக்கா என்னை வாங்கு வாங்குன்னு வாங்கினா. மெஷின்ல ஆஸ்பத்திரித் துணி கிடக்கு, நீயும் உன் பூச்சியும்னு கத்தினா. பாய்லர் அறைக்கு இழுத்துட்டுப் போய் பின்சுவரைக் காட்டினேன். விரிசல் இப்போ விரல் நுனி நுழையுற அளவுக்கு வாயைத் திறந்திருந்துச்சு. பாய்லரை அணைச்சுட்டு, பெண்களை எல்லாம் மேட்டுக்கு விரட்டினா. வாயை மட்டும் மூடல.

வெளியே வந்தா அத்தான் சம்மட்டியோட குழாய் பக்கத்துல நிக்கிறார். சாயங்காலம் வரைக்கும் இது தாங்காதுன்னார். அக்காவுக்கு அப்போதான் முழுசாப் புரிஞ்சுது. கோபமெல்லாம் எங்கயோ போயிடுச்சு.

"திறந்தா ஓடை என்ன ஆகும்?"

"போயிடும்"னார் அத்தான். "திறக்கலைன்னா தெருவும் போயிடும்."

எங்களைத் தள்ளிப் போகச் சொல்லிட்டு, ஒதுங்கி நின்னு, பக்கவாட்டுல இருந்து ஆப்பைத் தட்டினார். மூணாவது அடியில கட்டை பிச்சுக்கிட்டுப் போய் எதிர்க்கரையில மோதுச்சு. பின்னாடியே தண்ணி. முதல்ல கறுப்பா, நாத்தத்தோட. அப்புறம் சிவப்பா. வாய்க்காலை உடைச்சுக்கிட்டு ஓடைக்குள்ள பாய்ஞ்சுது. சுவருக்குள்ள இருந்த ரீங்காரம் கொஞ்சம் கொஞ்சமாத் தணிஞ்சுது. சுவர் நின்னுடுச்சு. தெரு தப்பிச்சுது.

கரையில கூட்டம் கூடிடுச்சு. போன வாரம் இவர் பக்கத்துல உக்காந்து மீன் பாத்த அதே ஜனம். சிவப்பைப் பாத்ததும், சம்மட்டியைப் பாத்ததும், என்ன ஏதுன்னு ஒரு வார்த்தை கேக்கல. மறுபடியும் இவன்தான்டான்னு ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு மூக்குக்கு மேல கோபம் வந்துச்சு. நாலு வார்த்தை நறுக்குன்னு கொடுக்கணும்னு திரும்பினேன். அத்தான் அங்க இல்ல. சலவைக்கூடத்துல துணி அலசுற டப்பைத் தூக்கிக்கிட்டு ஓடைக்குள்ள இறங்கிட்டார்.

மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கிட்டிருந்துச்சு. அவர் ரெண்டு கையாலயும் அள்ளி அள்ளி டப்புல போட்டார். அக்கா செருப்பை உதறிட்டு ஓடிப்போய், ஈர விரிப்பு ஒண்ணை எடுத்துட்டு வந்தா. ஆளுக்கு ரெண்டு முனையைப் பிடிச்சு வலை மாதிரி இழுத்தாங்க. வெள்ளை விரிப்பு ஒரே இழுப்புல செங்கல் நிறமாயிடுச்சு. அதை வெளுக்க முடியாதுன்னு அக்காவுக்குத் தெரியாதா? மறுபடியும் விரிச்சுப் பிடிச்சா. குழாய்க்கு மேல ஓடை தெளிவா ஓடிக்கிட்டிருந்துச்சு. கல்லுக்குக் கல்லு எண்ணலாம் போல இருந்துச்சு. டப்பைத் தலையில வச்சுக்கிட்டு அத்தான் அங்க ஓடினார். ஊத்திட்டு வந்தார். மறுபடி அள்ளினார். வயசான மனுஷன், கால் பின்னுது, நிக்கவே இல்ல.

நானும் ஒரு வாளியில அள்ளிக்கிட்டு அவர் பின்னாடி மேல போனேன். அன்னைக்கு நான் இன்னும் போய்ப் பாக்காத இடம் அது. ஊத்துறதுக்கு முன்னாடி, பழக்க தோஷம், குனிஞ்சு ஒரு கல்லைப் புரட்டினேன். அடியில ஒண்ணுமே இல்ல. இன்னொண்ணைப் புரட்டினேன். மொட்டை. எந்த மாசமும் இங்க பூச்சி இல்லாம இருந்ததில்ல. மீட்டரை எடுத்துத் தண்ணியில விட்டேன். எண் இறங்குச்சு, இறங்கிக்கிட்டே போச்சு. கரையைப் பாத்தேன். தண்ணி வர்ற பக்கமா பத்தடி தள்ளி, பாறை இடுக்குல இருந்து ஈரமா ஒரு கசிவு. கண்ணாடி மாதிரி தெளிவா இருந்துச்சு. இன்னும் துரு கட்டக் கூட நேரமாகல. குழாயை அடைச்சதும் தண்ணி உள்ள சும்மா உக்காந்திருக்கல. ஏறி, ஏறி, மேல வேற வழி பாத்துக்கிச்சு. முதல்ல ஊத்தின மீனெல்லாம் எங்கன்னு தேடினேன். கொஞ்சம் தள்ளி, மரத்து வேருக்குப் பக்கத்துல, வயித்தைக் காட்டிக்கிட்டு வரிசையா ஒதுங்கியிருந்துச்சு.

அத்தான் அடுத்த டப்போட வந்துட்டார். நான் வாயைத் திறக்குறதுக்குள்ள கவுத்துட்டார். மீனுங்க பளிச்சு பளிச்சுன்னு கல்லுக்கு நடுவுல ஓடி மறைஞ்சுது. நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு, மூச்சு வாங்க என்னைப் பாத்தார்.

"இங்க பொழைச்சிடும்ல, பூச்சி?"

கீழ இருந்து அக்கா கூப்பிட்டா, விரிப்பு நிறைய மீன் இருக்கு, சீக்கிரம் வாங்கன்னு. நான் வாளியைக் கீழ வச்சேன்.

"பொழைக்காது அத்தான்"னேன்.